எலியின் கணையமும் நம் கணையமும்

சிறுகுறிஞ்சான் இலை, கணையத்தில் இன்சுலின் சுரந்து, நீரிழிவில் அழிந்துபோன பீட்டா செல்களைத் திரும்ப முளைக்கவைக்கும் என்று சொல்லப்படுவதற்கு ஓர் ஊரும் ஓர் ஆண்டும் உண்டு. சென்னை தரமணியில் இருந்த அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனத்தின் உயிர்வேதியியல் துறையிலிருந்து 1990இல் மூன்று ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. இ.ஆர்.பி. சண்முகசுந்தரமும் அவருடைய குழுவினரும் எழுதியவை. முதல் கட்டுரை எலிகளைப் பற்றியது. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருளை ஏற்றி எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கினார்கள். பிறகு இலையிலிருந்து எடுத்த இரண்டு சாறுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜிஎஸ்3 என்று பெயரிட்ட சாற்றில் 60 நாளிலும், ஜிஎஸ்4 என்ற சாற்றில் 20 நாளிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. எலிகளின் கணையத்தை வெட்டிப் பார்த்தபோது லாங்கர்ஹான்ஸ் திட்டுகளும் அவற்றிலுள்ள பீட்டா செல்களும் இரண்டு மடங்காகியிருந்தன.

மற்ற இரண்டும் மனிதர்களைப் பற்றியவை. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த 27 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் ஜிஎஸ்4 கொடுத்ததில் அவர்களுடைய இன்சுலின் தேவை குறைந்தது. மாத்திரை சாப்பிட்டுவந்த இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு அதே அளவை 18 முதல் 20 மாதம் கொடுத்ததில், ஐந்து பேரால் வழக்கமான மாத்திரைகளை நிறுத்திவிட முடிந்தது. எலிக் கணையம் புத்துயிர் பெற்றதைப் பற்றி அந்தக் குழு தலைப்பிலேயே ஐயத்தோடுதான் பேசியது. அந்த ஐயம் பின்னால் வந்தவர்களிடம் காணாமல் போய்விட்டது. பொடி டப்பாவின் மேல் அச்சிடுகிறவர்களிடம் மட்டுமல்ல, இதே துறையில் ஆய்வு செய்து பட்டம் வாங்குகிறவர்களிடமும்.

இந்தக் கட்டுரை அந்த ஆய்வு முறையைப் பற்றியது. ஒரு மூலிகை, ஒரு சாறு, நஞ்சூட்டிய சில எலிகள், ஒன்றிரண்டு மாதம், முடிவில் 'பீட்டா செல்களைக் காக்கிறது' என்ற வரி. நாவல் கொட்டை, ஆவாரம்பூ, பாகற்காய், வெந்தயம், வேங்கைப் பட்டை என்று நம் பக்கத்துச் செடிகளில் இந்தச் சோதனைக்கு ஆளாகாதது அரிது. கிட்டத்தட்ட எல்லாமே தேறியும் விடுகின்றன. சந்தேகம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் அடிப்படைக் கருத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். பீட்டா செல்களைக் காப்பது வீண் கனவு இல்லை. 2003இல் வெளியான பட்லர் குழுவின் ஆய்வு, இறந்தவர்களின் கணையங்களை எடுத்துப் பார்த்தது. இரண்டாம் வகை நீரிழிவு இருந்த பருமனானவர்களிடம் பீட்டா செல்களின் அளவு, அதே பருமனுள்ள நோயற்றவர்களைவிட 63 சதவீதம் குறைவு. மெலிந்தவர்களிடம் 41 சதவீதம் குறைவு. முதல் வகையில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்தச் செல்களைத் தின்றுவிடுகிறது. இன்றைக்குக் கையில் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை சர்க்கரையை இறக்குகின்றனவே தவிர, இந்த இழப்பைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. மேலும் பீட்டா செல் பிறவியிலேயே தற்காப்புக் குறைந்தது. ஆக்சிஜன் கழிவுகளை முறிக்கும் கேட்டலேஸ், குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் மற்ற திசுக்களோடு ஒப்பிட்டால் அதில் மிகக் கொஞ்சம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள்கள் இங்கே உதவக்கூடும் என்று ஒருவர் எண்ணினால் அந்த எண்ணத்தில் பிழையே இல்லை. பிழை, அதைச் சோதித்துப் பார்த்த விதத்தில்.

எலிக்கு நீரிழிவை உண்டாக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் இரண்டு நஞ்சுகளை நம்புகின்றன. அலாக்சன் ஒன்று, 1943இல் அதன் குணம் தெரியவந்தது. இன்னொன்று, மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ஸ்ட்ரெப்டோசோட்டோசின். இரண்டுமே குளுக்கோஸ் நுழையும் வாசல் வழியாகவே எலியின் பீட்டா செல்லுக்குள் புகுகின்றன. அலாக்சன் உள்ளே போய் ஆக்சிஜன் கழிவுகளைக் கொட்டிச் செல்லைக் கொல்கிறது. அப்படியானால், அந்தக் கழிவை முறிக்கும் எதை முன்கூட்டிக் கொடுத்தாலும் எலி தப்பும். தீ வைக்க வந்தவனின் தீப்பெட்டியை நனைத்துவிட்டு, ஊரில் இனித் தீயே பிடிக்காது என்று பறை சாற்றுவதைப் போன்றது இது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அலாக்சனுக்குச் சற்று முன்பு குளுக்கோஸையே ஏற்றினாலும் எலியின் பீட்டா செல்கள் தப்பிவிடுகின்றன. பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையே காப்பு என்று அதை வைத்து யாரும் கட்டுரை எழுதவில்லை. குளுக்கோஸுக்குப் பதில் ஓர் இலைச்சாறு இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

மனிதரின் பீட்டா செல் இந்த இரண்டு நஞ்சுக்கும் எளிதில் மசிவதில்லை. நம் செல்லில் குளுக்கோஸின் முக்கிய வாசல் வேறு. எலியின் இளம் கணையத்துக்குத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வலு உண்டு; மனிதரின் பீட்டா செல்களோ குழந்தைப் பருவம் தாண்டியதும் ஏறக்குறையப் பெருகுவதையே நிறுத்திவிடுகின்றன. இரண்டாம் வகை நோயாளியின் திட்டுகளில் படியும் அமைலாய்டு என்ற புரதக் கசடு சாதாரண எலியிடம் உண்டாவதே இல்லை. இத்தனை வேறுபாட்டையும் வைத்துக்கொண்டு எலியிடமிருந்து மனிதருக்குத் தாவுவது எவ்வளவு நம்பத்தக்கது? இதற்கு விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. பி வைட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோட்டினமைடு, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஏற்றிய எலிகளை அழகாகக் காத்தது. காரணமும் விளக்கமாகத் தெரிந்திருந்தது. நம்பிக்கையோடு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் முதல் வகை நீரிழிவு வரும் அபாயத்திலிருந்த 552 பேரிடம் ஐந்தாண்டுகள் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிக்கோட்டினமைடு, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2004இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவினருக்கு நோய் வந்திருந்தது. இத்தனைக்கும் அது தூய்மையான, அளவு தெரிந்த ஒற்றைப் பொருள். இலைச்சாறு இதைவிடக் கலங்கலானது.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. இந்தத் துறையின் கட்டுரைகளில் அதிகம் கண்டுகொள்ளப்படாதது. உயர்ந்த சர்க்கரையே பீட்டா செல்லுக்கு நஞ்சு. ஆகவே சர்க்கரையை எந்த வழியில் இறக்கினாலும் பீட்டா செல் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதோடு சரி. 1980களில் கணையத்தின் பெரும்பகுதியை வெட்டியெடுத்த எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, எஞ்சிய பீட்டா செல்கள் இன்சுலின் சுரக்கும் திறனை மீட்டுக்கொண்டன. மனிதரிலும் இதே கதைதான். புதிதாக நோய் கண்ட 382 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. தொடக்கத்திலேயே குறுகிய காலம் தீவிர இன்சுலின் சிகிச்சை பெற்றவர்களில் 45 முதல் 51 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் மருந்தில்லாமல் இருந்தார்கள். மாத்திரைக் குழுவில் அது 27 சதவீதம். பிரிட்டனில் எடையைக் குறைத்தே 46 சதவீதம் பேர் ஓராண்டில் நோயின் பிடியிலிருந்து விலகியதை 2017இல் வெளிவந்த டைரக்ட் ஆய்வு காட்டியது. ஆக, ஒரு மூலிகை கொடுத்த பிறகு பீட்டா செல்கள் நன்றாக இருக்கின்றன என்றால், அந்த மூலிகை செல்லை நேரடியாகக் காத்ததா, சர்க்கரையை இறக்கியதால் செல் தானாகத் தேறியதா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை தேடாத ஆய்வு, 'பாதுகாப்பு' என்று சொல்ல உரிமை இல்லாத ஆய்வு.

மீண்டும் சிறுகுறிஞ்சானுக்கு வருவோம். 1999இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அதே ஜிஎஸ்4 சாற்றை ஆய்வகத்தில் வளர்த்த பீட்டா செல்கள் மீதும் திட்டுகள் மீதும் ஊற்றிப் பார்த்தார்கள். இன்சுலின் வெளியே வந்தது, உண்மை. ஆனால் செல் முறையாகச் சுரந்ததால் வரவில்லை. செல்லின் சவ்வு ஓட்டையாகி ஒழுகியதால் வந்தது. உயிருள்ள நல்ல செல்லுக்குள் புகாத சாயம் ஒன்று அந்தச் செல்களுக்குள் புகுந்துகொண்டது. காப்பதாகச் சொல்லப்பட்ட பொருள், அந்தச் செறிவில், செல்லைக் காயப்படுத்தியிருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றும் செறிவு, வாய்வழி உட்கொண்டவரின் கணையத்தை எட்டுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதே கேள்வியைச் சாதகமான கிண்ண ஆய்வுகளிடமும் கேட்க வேண்டும் அல்லவா? அங்கே மட்டும் நாம் மௌனமாகிவிடுகிறோம். நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: அதே கிங்ஸ் கல்லூரிக் குழு 2010இல் வேறு முறையில் தயாரித்த இன்னொரு சிறுகுறிஞ்சான் சாற்றைச் சோதித்தது. அது சவ்வைக் கிழிக்காமலே இன்சுலினைச் சுரக்கவைத்தது. ஒரு சிறு குழு நோயாளிகளிடம் இன்சுலினும், அதன் உற்பத்தியைக் காட்டும் சி-பெப்டைடும் உயர்ந்தன. ஒரே செடியின் இரண்டு சாறுகள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன என்றால், கடையில் வாங்கும் பொடி மூன்றாவது விதமாக நடந்துகொள்ளக்கூடும். 'சிறுகுறிஞ்சான் நல்லது' என்ற வாக்கியத்துக்கு, எந்தச் சாறு, எவ்வளவு என்று சொல்லாதவரை, பொருளே இல்லை.

இந்தச் செடியைப் பற்றி அசைக்க முடியாத ஓர் உண்மை உண்டு. அது கணையத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல்போல இருக்கும். உதகமண்டலத்தில் சின்கோனா ஆராய்ச்சிக்காக மதராஸ் அரசு அமர்த்தியிருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் அதற்குக் காரணமான ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து எழுதினார். நாக்கிலுள்ள இனிப்பு உணரியில் அது போய் ஒட்டிக்கொள்வதை அண்மை ஆய்வுகள் மூலக்கூறு அளவில் காட்டிவிட்டன. எலிகளிடம் இந்த விளைவு மிகக் குறைவு. எனவே எலி ஆய்வில் இது தெரியாது. மனிதர் ஒருவர் பல மாதம் இந்த இலையைத் தூளாகவோ கஷாயமாகவோ உட்கொண்டு, இனிப்பின் மேல் ஆசை குறைந்து, அதனாலேயே சர்க்கரை இறங்கியிருந்தால்? அதுவும் நன்மைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பெயர் பீட்டா செல் மறுபிறப்பு இல்லை. 1990இன் மனித ஆய்வுகளில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. ஆய்வில் சேர்ந்த நோயாளி தன் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துகொள்வது உலகெங்கும் காணும் பழக்கம். இத்தனை வழிகளில் எந்த வழியாகச் சர்க்கரை இறங்கியது என்பதைப் பிரித்தறிய அந்த ஆய்வுகளால் முடியாது. அன்றைய வசதிக்கு அது துணிச்சலான தொடக்கம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே இறுதித் தீர்ப்பாக மேற்கோள் காட்டுவதுதான் குறை.

வேங்கையின் கதை இதற்கு முந்தியது, முடிவும் கறாரானது. 1980களின் தொடக்கத்தில் வட இந்தியாவிலிருந்து ஒரு குழு, வேங்கைப் பட்டையிலுள்ள எபிகேட்டச்சின் எலிகளில் பீட்டா செல்களை மீண்டும் வளர்ப்பதாக லான்செட் இதழிலேயே எழுதியது. பரபரப்பு எழுந்தது. வேறு நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்தன. அதே விளைவு கிடைக்கவில்லை என்று எழுதின. அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும், வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தம், முதல் கட்டுரை இன்னும் விளம்பரங்களில் வாழ்வதும் மறுப்புகள் யார் கண்ணிலும் படாமல் கிடப்பதும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பின்னாளில் வேங்கையை மனிதரிடம் சோதித்தது. 1998இல் வெளியான முடிவின்படி, புதிதாக நோய் கண்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்துக்குள் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இதுவும் எது கொடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த, ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையே. எடையைக் குறைப்பது மட்டுமே எவ்வளவு வேலை செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

மஞ்சளின் சாட்சியம் இவற்றைவிட வலுவானது. தாய்லாந்தில் நீரிழிவின் வாசலில் நின்ற 240 பேரிடம் ஒன்பது மாதம் நடந்த ஆய்வு 2012இல் வந்தது. வெற்று மாத்திரைக் குழுவோடு, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் நடத்தினார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 16.4 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொடுத்த குழுவில் ஒருவருக்கும் இல்லை. பீட்டா செல் செயல்பாட்டின் கணக்கீடும் குர்குமின் பக்கமே சாய்ந்தது. முறைப்படி பார்த்தால் இதைக் குறை சொல்ல அதிக இடமில்லை. ஆனாலும் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை என்ற முடிவு என்னை மகிழ்விப்பதைவிட உறுத்துகிறது. மருத்துவத்தில் பூஜ்யம் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசினார்கள். அது நிலையற்ற மூலக்கூறு, உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, ஆய்வகச் சோதனைகளில் பொய்யான சாதக முடிவைக் காட்டி ஏமாற்றும் இயல்புடையது என்பது அவர்கள் கணிப்பு. அளவையும் பாருங்கள். தாய்லாந்து ஆய்வில் நாளொன்றுக்கு 1.5 கிராம் குர்குமினாய்டு கொடுத்தார்கள். மஞ்சள்தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம். சமையல் மஞ்சளில் அந்த அளவை எட்ட வேண்டுமானால் தினமும் 50 கிராம் தூள் தின்ன வேண்டும். சாம்பாரில் போடும் கால் கரண்டிக்கும் அந்த ஆய்வுக்கும் எந்த உறவும் இல்லை.

எல்லாத் தாவரப் பொருளும் இப்படித் தடுமாறவில்லை. ஹார்மின் என்ற பொருள் மேற்காசியாவின் ஹார்மலா விதையிலும் அமேசான் காட்டின் கொடி ஒன்றிலும் இருக்கிறது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டின் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அலசி அதைக் கண்டெடுத்தது. இவர்கள் எலிக்கு நஞ்சு வைத்துத் தொடங்கவில்லை. மனிதரின் பீட்டா செல்லைப் பெருகவைக்க எதனால் முடியும் என்று கேட்டுத் தொடங்கினார்கள். 2015இல் வெளியான கட்டுரை, செல்லுக்குள் எந்த நொதியை ஹார்மின் தடுக்கிறது என்பதையும் காட்டியது. 2024இல் அடுத்த படி: மனிதத் திட்டுகளைச் சுண்டெலிகளுக்குள் பதியம் போட்டு, ஹார்மினோடு நீரிழிவுக்கான ஜிஎல்பி-1 வகை மருந்து ஒன்றையும் சேர்த்து மூன்று மாதம் கொடுத்ததில், மனித பீட்டா செல்களின் அளவு நான்கு முதல் ஏழு மடங்கானது. நலமுள்ளவர்களிடம் பாதுகாப்புச் சோதனையும் நடந்து, எந்த அளவுக்கு மேல் வாந்தியும் அயர்வும் வருகின்றன என்பதும் பதிவாகிவிட்டது. நோயாளிக்குப் பயன்படுமா என்பது இனிமேல்தான் தெரியும். செல்லைப் பெருக்கும் பொருள் வேறு உறுப்புகளின் செல்களையும் பெருக்காதா என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு படியிலும் தோற்பதற்கு இடம் வைத்து நடந்த ஆராய்ச்சி அது. நம் எலி ஆய்வுகளில் தோற்பதற்கு இடமே வைப்பதில்லை.

இந்த விமர்சனத்துக்கு மறுமொழியாக இரண்டு வாதங்களைக் கேட்டிருக்கிறேன். முழு மூலிகையின் கூட்டு விளைவை ஒற்றை மூலக்கூறாகப் பிரித்துச் சோதிப்பது மேற்கத்திய அளவுகோல் என்பது ஒன்று. இந்த வாதம் பாதி சரி. பிரிக்க வேண்டாம், முழுச் சூரணத்தையே வெற்றுப் பொடியோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம், அதற்கு மூலக்கூறு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மற்றது பணம். காப்புரிமை கிடைக்காத இலைக்கு எந்த நிறுவனம் கோடிகளைக் கொட்டும்? இது முழுக்கச் சரியான வாதம். தனியார் செய்யமாட்டார்கள் என்பதாலேயே அரசு செய்ய வேண்டும். பீட்டா செல்லைக் காக்கிறதா என்ற தேர்வில் நவீன மருந்துகளும் சுலபமாகத் தேறிவிடவில்லை. அமெரிக்காவில் நடந்த ரைஸ் ஆய்வில் இன்சுலின், மெட்ஃபார்மின், லிராகுளூடைடு ஆகியவை அடங்கிய சிகிச்சைகளை ஓராண்டு கொடுத்தார்கள். மருந்து இருக்கும்வரை பீட்டா செல் செயல்பாடு மேம்பட்டது. நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த மேம்பாடு நிலைக்கவில்லை. 2019இல் அந்தத் தோல்வியை அப்படியே அச்சிட்டார்கள். சிறுகுறிஞ்சானிடம் அந்தத் தேர்வை எழுதச் சொல்வது அவமதிப்பு ஆகாது.

தேர்வை எழுதாமலே பட்டம் கொடுப்பதால் வரும் கேடும் சின்னதல்ல. முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்குக் கணையம் மீண்டும் முளைக்கும் என்று நம்பி இன்சுலினை நிறுத்தினால், சில நாளில் இரத்தம் அமிலமாகி உயிர் போகும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு இலைப்பொடியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும். சிறுகுறிஞ்சான், மஞ்சள் ஆகியவற்றின் செறிவூட்டிய தயாரிப்புகளால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. 'பீட்டா செல்களைப் புதுப்பிக்கும்' என்ற சொற்றொடர் அந்தத் தடையைச் சுற்றிப் போகக் கண்டுபிடித்த குறுக்குச் சந்து.

எனவே கோரிக்கை ஒன்றே. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்கும் நோயாளிகளும் உண்டு, மருத்துவர்களும் உண்டு. வேதியியல் அளவு தெரிந்த ஒரே சிறுகுறிஞ்சான் தயாரிப்பைத் தேர்ந்தெடுங்கள். நோய் கண்டு ஓராண்டுக்குள் இருக்கும் இருநூறு பேரை, அவர்களுடைய வழக்கமான மருந்தை நிறுத்தாமல், இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை கொடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் அளந்துவிட்டு நிற்காதீர்கள். அளவான உணவு கொடுத்துச் சி-பெப்டைடை அளந்து பாருங்கள். சொந்தக் கணையம் எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்பதை அதுவே காட்டும். சென்னையின் சாதாரணப் பரிசோதனைக் கூடங்களில்கூட அதை அளக்க முடியும். ஓராண்டு முடிந்ததும் மூலிகையை மட்டும் நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். முடிவு எதுவானாலும் முழுதாக வெளியிடுங்கள். அதுவரை சிறுகுறிஞ்சான் பொடி குடிப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஊசியையோ மாத்திரையையோ அதை நம்பி நிறுத்தாதீர்கள்.